மூன்றாம் தட்டில் இருந்த கிண்ணம்

என் பெண்டாட்டி குய்ஷியாவை நீதிமன்றம், நீதிபதியோடு உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் மக்கள் நடுவராகத் தேர்ந்தெடுத்திருப்பதாகக் கடிதம் வந்த அன்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டதில் எங்கள் ஊரில் வேறு பெயரே கிடைக்கவில்லையா?

“அஞ்சு வருஷம் நீதிபதி பக்கத்துல பொம்மை மாதிரி உட்கார்ந்துட்டு வா,” என்றேன்.

“யோவ் கிழவா, வாய் உனக்கு மட்டுந்தான் இருக்குன்னு நினைப்பா?”

ஆனால் முதல் எட்டு வழக்கிலும் அவள் வாயைத் திறக்கவே இல்லை. நடுவில் நீதிபதி தாவ் அம்மா, ஒரு பக்கம் இவள், மறுபக்கம் இவளைப் போலவே இன்னொரு ஊர்க்காரர். மூவர் ஓட்டுக்கும் ஒரே மதிப்பு என்கிறது சட்டம். இவளுக்கோ சட்டம் படித்தவர்கள் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். என்னிடம் மட்டும் அத்தனை வாய்!

ஒன்பதாவது வழக்கு லூ பாவ்தியனுடையது. செருப்புத் தொழிற்சாலையில் ஒரு மெஷின் அவன் வலது கையை நசுக்கிவிட்டது. அங்கே வேலை பார்த்தவன் என்று நிரூபித்தால் விபத்துக் காப்பீட்டில் அடுத்த ஆபரேஷன் நடக்கும். இல்லையென்றால் கை போனது போனதுதான். ஒப்பந்தக் காகிதம் எதுவும் அவனுக்குக் கொடுக்கவில்லை. தொழில் தகராறு விசாரிக்கும் குழு, ஆதாரம் இல்லை என்று ஏற்கெனவே கைவிரித்துவிட்டது. கூட வேலை செய்தவர்கள், தங்கள் வேலைக்கும் உலை வைத்துவிடுவார்களோ என்று சாட்சிக்கு வரவில்லை.

நான் பார்வையாளர் வரிசையில் இருந்தேன். “சொந்தக்காரரைப் பார்க்க வந்த ஆளுங்க இவரு. மெஷின்ல கைய விட்டுட்டாரு,” என்று தொழிற்சாலை மேலாளர் கூசாமல் புளுகினான்.

“வேற ஆதாரம் இருக்கா?” என்றார் நீதிபதி. “இல்லீங்க,” என்றான் பாவ்தியன்.

அப்போதுதான் குய்ஷியா தொண்டையைச் செருமினாள். “தம்பி, மத்தியானம் எங்க சாப்பிடுவீங்க?”

“அங்க கேன்டீன்லதான், அக்கா.”

“உங்க கிண்ணம்?”

“அங்கேயேதான் இருக்கு. அலமாரியில மூணாவது தட்டுல. அடியில பேர் எழுதியிருக்கேன்.”

இருபது வருஷம் சுரங்கக் கேன்டீனில் சமைத்தவள் இவள். விருந்தாளிக்குச் சமையலறைப் பாத்திரம் கிடைக்கும். சொந்தக் கிண்ணத்தை அலமாரியில் விட்டுப்போவது தொழிலாளி மட்டும்தான். அதைச் சொல்லிவிட்டு, “நீதிபதி அம்மா, இப்பவே போய்ப் பார்க்கலாமா? நாளைக்குன்னா கிண்ணத்துக்குக் கால் முளைச்சிடும்,” என்றாள். மேலாளரின் கை பாக்கெட்டுக்குப் போனது.

“செல்போனை மேசை மேல வைங்க,” என்றார் தாவ் அம்மா.

நீதிமன்ற வண்டி முன்னால் போக, நான் என் மூன்று சக்கர வண்டியில் பின்னாலேயே விரட்டினேன். சாப்பாட்டு நேரம். மூன்றாம் தட்டில் இருந்த பீங்கான் கிண்ணத்தை எடுத்துக் கவிழ்த்தார்கள். சிவப்புச் சாயத்தில் அவன் பெயர்.

“யார் வேணா எழுதி வச்சிருக்கலாம்,” என்றான் மேலாளர்.

நூடுல்ஸ் மென்றுகொண்டிருந்த ஒரு பெண் எழுந்துவிட்டாள். “வாய் கூசலையா சார்? நாலு வருஷமா என் கிண்ணத்துக்குப் பக்கத்துலதான் அது இருக்கு!”

அடுத்து இன்னொருவர். அப்புறம் ஒரு பெஞ்சே எழுந்தது. எழுத்தர் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ள, பதினோரு பேர் சிவப்பு மையில் விரல் பதித்தார்கள்.

தீர்ப்பு நாளில் மூவரும் ஒரே பக்கம். “லூ பாவ்தியன் இந்தத் தொழிற்சாலையின் தொழிலாளி,” என்று தாவ் அம்மா வாசித்தார். வெட்கத்தை விட்டு நான் அழுதேன்.

பாவ்தியன் எழுந்து நின்றான். “அம்மா, அந்த வரிய மட்டும் இன்னொரு தடவ படிங்க.”

அவர் இன்னொரு தடவை படித்தார்.