தண்ணீருக்கடியில் ஓடிய கட்டுமரம்

பெரிய பேரன் கல்பாக்கத்தில் டெக்னீஷியன். ஆபீஸ் பஸ் தெருமுனைக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. இரண்டாமவன் படூரில் ஃபிளாட் வாங்கிவிட்டான், லிஃப்ட் வைத்தது. அவன் தங்கச்சி முதல் தடவையிலேயே ஸ்கூட்டர் லைசென்ஸ் எடுத்துவிட்டாள். எல்லாருக்கும் மேலே என் மூத்த பேத்தி கலா... செங்கல்பட்டில் காலேஜ் பிள்ளைகளுக்கு ஜி.ஐ.எஸ். பாடம் நடத்துகிறாள். பூமியை மேலே இருந்து படம் பிடித்து, எங்கே வெள்ளம் ஏறும், எங்கே கிணறு வெட்டலாம் என்று கம்ப்யூட்டரில் சொல்கிற படிப்பாம். அஞ்சாங்கிளாஸோடு நின்ற எனக்கு அவ்வளவுதான் விளங்கியது.

நேற்று அவள் நம் ஃபேமிலி குரூப்பில், நம் கடற்கரையை மேலே இருந்து எடுத்த படம் ஒன்றைப் போட்டிருந்தாள். பார்த்ததும் எனக்குக் கருவாட்டு வாசம் அடித்தது.

எழுபதுகளில்... மகாபலிபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பம். நான் கல்யாணமாகி வந்த புதுசு. ஒரு காலேஜிலிருந்து டீச்சரம்மா ஒருத்தர் மாணவிகளை வேனில் கூட்டி வந்தார், மேப் படிக்கக் கற்றுக்கொடுக்க. மீன் ஏலம் போடும் கொட்டகையில் மேசை போட்டார்கள். அதன் மேல் பூட்டுப் போட்ட தகரப் பெட்டி. உள்ளே விமானத்திலிருந்து அரசாங்கம் எடுத்த படங்கள்.

அன்றைக்குக் கச்சான் காற்று. கரையிலிருந்து கடலுக்குத் தள்ளுகிற காற்று. காலையில் போன கட்டுமரங்கள் எல்லாம் திரும்பிவிட்டன, எங்கள் வீட்டுக்காரருடையது மட்டும் வரவில்லை. உச்சி வெயில். என் மாமியார் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் கடலில் இருக்கும்போது ‘முழுகு’ என்ற சொல்லை வாயில் எடுக்க மாட்டோம். குடம் கிணற்றுக்குள் போனாலும் ‘எறங்கிடுச்சு’ என்றுதான் சொல்வோம்.

டீச்சரம்மா மற்றவர்களோடு மணல்மேடு பார்க்கப் போயிருந்தார். பெட்டிக்குக் காவலாக விமலா என்ற மாணவி. தண்ணீர் கேட்டாள், கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“பாக்குறீங்களாக்கா? உங்க ஊருதான்.”

இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலே கால் முளைத்த இரட்டைக் கண்ணாடி ஒன்றை நிறுத்தியிருந்தாள். குனிந்தேன். முதலில் இரண்டு ஊர் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டும் ஒன்றாகி... ஊர் எழுந்து நின்றது.

தென்னை கண்ணைக் குத்த வருகிற மாதிரி. கூரைகள் கூம்பிக்கொண்டு. ஆனால் ஓர் ஓலை அசையவில்லை, ஒரு மனுஷர் இல்லை. நாங்கள் எல்லாரும் எங்கேயோ போய்விட்ட பிறகு எடுத்த ஊர் போல இருந்தது. பக்கத்தில் கடல், கருப்பாக, பலகை மாதிரி.

அதற்கு அடியில் ஒரு கட்டுமரம் தொங்கியது. பாய் விரித்தபடியே.

“இன்னும் என்ன தெரியுதுக்கா?”

“ஒரு மரம்... எறங்கிகீது.”

“கரையில எறங்கிடுச்சா? கடல்லல்ல இருக்கு” என்று அவள் சிரித்தாள்.

பின்னால் கருவாடு புரட்டும் சத்தம் நின்றது.

“இன்னாடி சொன்ன? யாரு மரம்?” அத்தை எழுந்து வந்துவிட்டார்.

“கண்ணாடில குறி பாக்குதுங்களா இதுங்க?” என்றாள் பக்கத்து வீட்டுச் செங்கேணி. “மூடும்மா பொட்டிய. படிச்ச புள்ள, வேற வேல இல்ல ஒனக்கு?”

அதற்குள் டீச்சரம்மா வந்துவிட்டார். “பூட்டி வைன்னு சொன்னேன்ல விமலா?” என்றவர், எங்கள் முகத்தைப் பார்த்து நிதானித்தார். நான் கண்டதைச் சொன்னேன்.

“அது ஒரு படம் இல்லம்மா, ரெண்டு. விமானம் ஒண்ணு எடுத்துட்டு, கொஞ்ச தூரம் போய் இன்னொண்ணு எடுக்கும். வீடு நகராது, கண்ணு சரியா சேத்துக்கும். இந்தக் கட்டுமரம் நடுவுல நகர்ந்துடுச்சு, விமானம் போன பக்கமே. அதான் அடியில இருக்குற மாதிரி காட்டுது. எதிர்ப்பக்கம் போயிருந்தா ஆகாசத்துல தொங்கும்.”

“அப்ப அது...” என்றேன்.

“ஓடுதும்மா. ஓடுறதாலதான் அப்படித் தெரியுது. அதுவும் இது பழைய படம்.” படத்தின் பின்பக்கத்தைப் பார்த்து வருஷத்தைப் படித்தார்.

எனக்கு மூச்சு வந்தது. அத்தைக்கு வரவில்லை. மாமனார் கடலுக்குப் போனது அந்த வருஷம்தான். திரும்பவில்லை. ஒரு கட்டைகூடக் கரை ஒதுங்கவில்லை.



அத்தை கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். “நவுரு” என்று என்னைத் தள்ளிவிட்டுக் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

“ஓடிகினுதான் கீதா?”

“ஓடிக்கிட்டுதாம்மா இருக்கு.”

“எந்தப் பக்கம்?”

“வடக்க.”

அத்தை நிமிர்ந்தார். “ஒலைய வைடி. எம்புள்ள வந்தா பசிக்கிதுன்னு குதிப்பான்.”

பொழுது சாயும் நேரத்தில் எங்கள் வீட்டுக்காரர் கரையோடு நடந்து வந்தார். காற்று இழுத்துப்போய் வேறொரு குப்பத்தில் கரை சேர்ந்திருக்கிறார். எந்தப் பக்கத்துக் குப்பம் என்று நான் கேட்கவில்லை. அவர் வடக்கிலிருந்துதான் நடந்து வந்தார்.

அதற்குப் பிறகு மாமனாரைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் அத்தை, “அவரு ஓடிகினு கீறாரு” என்பார். சாகும்வரை அதை மாற்றவில்லை.

இப்போது என் போனிலேயே குப்பம் தெரிகிறது, கலரில். விரலால் தள்ளினால் கடல் வருகிறது. நிறைய படகு. எல்லாம் தண்ணீர் மேலேயே இருக்கிறது. எது ஓடுகிறது, எது நின்றுபோனது என்று மட்டும் தெரிவதில்லை. எங்கள் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தும் வருஷங்கள் ஆகிவிட்டன... வீட்டில்தான், கட்டிலில்தான். ஆனாலும் நான் அந்தக் கடலையே தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கலா கண்ணு, நீ போட்டிருக்கும் படம் பழசு. புதுசாக எடுத்துப் போடும்மா. ஒன்று போதாது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டாகப் போடு.