கொம்புப் பிடி போட்ட கத்தி

கிரீஃப் ஊரில் இடுப்பில் கில்ட் என்கிற கட்டம் போட்ட பாவாடை உடுத்திக் கல்யாணம் செய்துகொண்ட ஆண்களில் பாதிப் பேருடைய கழுத்தளவு நெட்டா பெட்ரிக்கு மனப்பாடம். இருபத்தெட்டு வருடமாக வாடகை உடைக் கடையில் அவள் முன்னால் நின்று அளவெடுக்கிறாள், நான் பின்னால் உட்கார்ந்து உடைகளைப் பையில் போட்டுக் கட்டுகிறேன். அவளிடம் வாய் கொடுத்து யாரும் ஜெயித்ததில்லை. கட்டம் போட்ட கில்ட்டுக்குக் கட்டம் போட்ட டையையே தூக்கிக்கொண்டு வருகிற மாப்பிள்ளையிடம், "ஏம்ப்பா, சோபாவுக்கு உறை தைக்க வந்தியா?" என்பாள். சட்டை வெள்ளை, இல்லாவிட்டால் பாலாடை நிறம். டைக்குக் கில்ட்டில் இருக்கிற நிறங்களில் ஏதாவது ஒன்று. காலுறையில் தொங்குகிற நாடாவுக்கும் அதே நிறம். அலங்கார ஊசியைக் கில்ட்டின் மேல் மடிப்பில் மட்டும் குத்த வேண்டும். அடி மடிப்பையும் சேர்த்துக் குத்தித் துணியைக் கிழித்துக்கொண்டு வந்தவன் அன்றைக்குத் தொலைந்தான்.

இப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு சாமானைத் தொடப் பயப்படுவாள். கில்ட் உடுத்துகிறவர்கள் வழக்கப்படி காலுறைக்குள் செருகுகிற சின்னக் கத்தி. அதை மட்டும் நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். எங்கள் கடையில் கொடுப்பது டம்மிதான், உறையோடு ஒட்டிய வெறும் பிடி, உள்ளே அலகே கிடையாது. அப்படியும் பயம்.

காரணம் ஊருக்கே தெரியும். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாண விருந்தில், அவள் மகன் ஸ்ட்ரூவன் குடித்துவிட்டுத் தன் காலுறையிலிருந்து நிஜக் கத்தியை உருவி, சித்தப்பா டூகலின் கையைக் கிழித்துவிட்டான். டூகல் நெட்டாவின் தங்கை புருஷன். வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் அதற்கு அந்தத் தண்டனை அதிகம். அவருக்கு இரண்டு விரல் இன்னும் மடங்காது. பையன் சிறைக்குப் போனான். அவன் உள்ளே இருக்கும்போதே நெட்டாவின் புருஷன் அலெக் செத்துப்போனான். திரும்பி வந்த ஸ்ட்ரூவன் அம்மா வீட்டிலேயே தங்கி, மர ஆலைக்கு வேலைக்குப் போனான். குடியைத் தொடவில்லை. ஆனாலும் நெட்டா படுக்கப் போகுமுன் சமையலறைக் கத்திகளை எண்ணிப் பார்க்காத நாள் இல்லை. பெற்ற பிள்ளையைப் பார்த்துப் பயப்படுவது எவ்வளவு பெரிய கொடுமை என்பதை அவள் முகத்தில் பார்த்திருக்கிறேன்.

இப்போது அவள் மகள் கிர்ஸ்டிக்குக் கல்யாணம். அப்பா இல்லாததால் அண்ணன்தான் கை பிடித்துத் தேவாலயத்துக்குள் அழைத்துவர வேண்டும். சித்தப்பா டூகலும் வருகிறார்.

செவ்வாய்க்கிழமை ஸ்ட்ரூவன் அளவு பார்க்க வந்தான். சட்டையின் கழுத்துப் பட்டிக்குள் நெட்டாவின் நாலு விரலும் நுழைந்தது.

"பதினேழுன்னு எடுத்து வெச்சேன். பதினஞ்சரைக்கு வந்துட்டியேடா. சாப்பிடறியா இல்லையா?"

"நீ சமைக்கறதத்தானேம்மா சாப்பிடறேன்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது.

அவன் ஒரு சிவப்பு டையை எடுத்தான்.

"அது வேண்டாம்."

"கில்ட்ல சிவப்புக் கோடு இருக்கேம்மா. உன் சட்டம்தானே?"

"வேண்டாம்னா வேண்டாம்." பாசிப் பச்சையில் ஒன்றை அவன் கையில் திணித்தாள். அவன் அதையே கட்டிக்கொண்டான். கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டான்.

"அம்மா, அப்பாவோட கத்தி ஒண்ணு இருக்குமே. கொம்புப் பிடி போட்டது. அது எங்க?"

நெட்டாவின் கையிலிருந்த ஊசி கீழே விழுந்தது.

"தொலைஞ்சு போச்சு."

"எப்போ?"

"யாருக்குத் தெரியும்? திரும்பு, பின்பக்கம் பாக்கணும்."

அது தொலையவில்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவள் அலமாரியில்தான் இருந்தது. அவன் வீட்டில் தேடிவிடுவான் என்று பயந்து, மறுநாளே அதைக் கடைக்குக் கொண்டுவந்து, டம்மிகள் கிடக்கிற பெட்டியின் அடியில் புதைத்துவிட்டாள். நாற்பது டம்மிகளுக்கு நடுவே யார் தேடப்போகிறார்கள்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் பூக்காரியைப் பார்க்கப் போயிருந்தாள். ஸ்ட்ரூவனின் பையை நான்தான் கட்டினேன். நம் பையனாயிற்றே, கொஞ்சம் நல்லதாகப் போகட்டும் என்று பெட்டியைக் கிளறி, இருப்பதிலேயே அழகான பிடியாகப் பார்த்து எடுத்து வைத்தேன். உறையை விட்டு உருவிப் பார்க்கத் தோன்றவில்லை. டம்மியை யார் உருவிப் பார்ப்பார்கள்?

சனிக்கிழமை மதியம், கிர்ஸ்டியின் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ரூவன் உள்ளே வந்தான். எல்லாரும் பெண்ணைப் பார்த்தார்கள். நெட்டா மட்டும் அவன் வலது காலைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த என் காதருகே குனிந்தாள்.

"ஜீன், அந்தக் கத்தி அவன்கிட்ட எப்படிடீ வந்துச்சு?"

"நான்தான் பெட்டியிலேர்ந்து எடுத்து வெச்சேன். ஏன்?"

"அது டம்மி இல்லடீ. அலெக்கோடது."

பாதிரியார் சொன்னது எதுவும் அதற்குப் பிறகு என் காதில் விழவில்லை. அவனிடம் போய்ச் சொல்லலாம்தான். ஆனால் கூட்டத்துக்கு நடுவில் அம்மாவே வந்து கத்தியைக் கேட்டால் அவன் என்ன செய்வான்? அந்தப் பயம் எங்கள் இரண்டு பேர் வாயையும் கட்டிவிட்டது.

ஓட்டலில் விருந்து. அவன் மேஜைக்குக் கீழே வலது கையை வைத்தபடி இடது கையால் சூப் குடித்தான். எல்லாருக்கும் விஸ்கி ஊற்றினார்கள், அவன் தண்ணீரை எடுத்தான். மாட்டிறைச்சி அடைத்துச் சுட்ட ஸ்டீக் பை வந்த நேரத்தில் டூகல் எழுந்தார். கையில் விஸ்கி கோப்பை. நேராக ஸ்ட்ரூவனைப் பார்த்து நடந்தார். பக்கத்து மேஜைகளில் பேச்சு நின்றது.

ஸ்ட்ரூவன் குனிந்தான். கை காலுறைக்குப் போனது. நெட்டாவின் நகம் என் மணிக்கட்டில் இறங்கியது.

அவன் கத்தியை உறையோடு எடுத்துக்கொண்டு எழுந்து, டூகலை விட்டுவிட்டு எங்களிடம் வந்தான். அதை நெட்டாவின் மடியில் வைத்தான்.

"இத நீ வெச்சுக்கோம்மா. தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிட்டு, சத்தமில்லாம நீயே பையில வெச்சிருக்க. காலைல பாத்ததும் அழுதுட்டேன், அம்மா என்னை நம்பிட்டாளேன்னு. அதனாலதான் போட்டுக்கிட்டேன். ஆனா எனக்கே என்மேல பயமா இருக்கும்மா. சித்தப்பா வரார்."

நெட்டா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆமாடா" என்றாள். "நான்தான் வெச்சேன். போ, போய்ப் பேசு."

அவன் திரும்பிப் போனான். டூகல் கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு, அந்த விரல் மடங்காத கையை நீட்டினார். ஸ்ட்ரூவன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான்.

எல்லாரும் கைதட்டினார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நெட்டாவைப் பார்த்தேன். அவள் மடியில் இருந்த கத்தியை இரண்டு கையாலும் மூடியிருந்தாள்.

"நான் வெக்கலையேடீ, ஜீன்" என்றாள். "நான் வெச்சிருக்கவே மாட்டேனேடீ."