சாக்கில் வந்த கவச மீன்

மீன்வளத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இந்த ஒரு மீனைப் பற்றி மட்டும் தவறாமல் சொல்வேன்.

1. சாக்கு

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசில் ஒரு நாள் பதினொரு மணி இருக்கும். தேவதானம் பக்கம் கண்மாய் குத்தகை எடுத்திருந்த கருப்பையா ஒரு சாக்கைத் தரையில் வைத்துவிட்டு, கிழிந்த உள்ளங்கையைக் காட்டினார்.

"விடியக்காலம் வலையில கிடந்துச்சு மேடம். எடுக்கப் போனா கையைக் கிழிச்சிட்டு. வலையும் போச்சு. இது என்ன மீனுன்னே யாருக்கும் தெரியல. விஷ மீனு, ஞாயித்துக்கிழமை கண்மாய்ல பிளீச்சிங் பவுடரைக் கலக்கிருவோம்னு ஊர்ல பேசி முடிச்சிட்டாவ. நான் விட்ட கட்லாக் குஞ்சு எம்புட்டு கிடக்கு தெரியுமா? ஆடு மாடு குடிக்கிற தண்ணி வேற."

"செத்த மீன்தானே, இருக்கட்டும். பார்க்கிறேன்" என்றேன்.

சாக்கை அவிழ்த்ததும் அது துடுப்பை விரித்தது. விடிகாலையில் பிடித்தது, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறது, ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. இன்னும் உயிரோடு இருந்தது. தூக்கினால் முன்துடுப்பு முள்ளை அசைத்து 'கிர்ர்' என்று ஒரு சத்தம். கருப்பையா இரண்டடி பின்னால் போனார். நானும்தான்.

2. எண்ணிக்கை

வாளித் தண்ணீரில் விட்டு லென்ஸை எடுத்தேன். உடம்பு முழுக்கச் செதில் அல்ல, எலும்புத் தகடு. ஓடு வேய்ந்ததுபோல வரிசை வரிசையாக. ஜன்னல் பக்கம் திருப்பியபோது கண்மணிக்குள் ஒரு சின்ன மடிப்பு மேலிருந்து இறங்கி, கண் குதிரை லாடம்போல ஆகிவிட்டது. வெயிலுக்குத் திரை போட்டுக்கொள்கிறது. அத்தனை வருஷ சர்வீசில் அப்படி ஒரு கண்ணை நான் பார்த்ததில்லை. வேலையை மறந்து கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீன் தொட்டிக் கடையில் கண்ணாடியைச் சுத்தம் செய்ய விற்கும் சக்கர் மீன் என்பது புரிந்துவிட்டது. வளர்த்து அலுத்தவர்கள் யாரோ கண்மாயில் விட்டிருக்கிறார்கள். விஷம் இல்லை. ஆனால் சக்கர் என்பது கடைப் பெயர். ரிப்போர்ட்டுக்குப் பேரினம், இனம் என்று அறிவியல் பெயர் வேண்டும். ஹைப்போஸ்டோமஸ் என்று எழுதவும் தொடங்கிவிட்டேன். பிறகு மனசு கேட்காமல் முதுகுத் துடுப்பில் முள்ளை விட்டுவிட்டு விசிறிக் காம்புபோல இருக்கும் மென்மையான ரே எத்தனை என்று எண்ணினேன். ஹைப்போஸ்டோமஸுக்கு ஏழு இருக்க வேண்டும். இதற்குப் பன்னிரண்டு. மறுபடி எண்ணினேன், பன்னிரண்டேதான். எழுதியதை அடித்துவிட்டு, டெரிகோப்ளிக்திஸ் என்று எழுதினேன்.

3. ராஜபாளையம்

அந்தப் பேரினத்துக்குள் எந்த இனம் என்பதை வயிற்றைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தனித்தனிப் புள்ளி என்றால் பர்டாலிஸ். புள்ளிகள் சேர்ந்து புழுப்போல நெளிந்தால் டிஸ்ஜங்டிவஸ். இதன் வயிற்றில் இரண்டும் இருந்தன. வாளியோடு கருப்பையாவும் நானும் பஸ் ஏறி, ராஜபாளையத்தில் எனக்குத் தெரிந்த விலங்கியல் பேராசிரியை வீட்டுக்குப் போனோம்.

அவர் நெடுநேரம் பார்த்தார். "நெளிவுதான் அதிகம். ஆனா இந்த ரெண்டு இனமும் ஒண்ணோட ஒண்ணு கலந்துரும். தொட்டிக் கடையில எது எதோட கலந்துச்சோ, யாருக்குத் தெரியும்? வயித்தை மட்டும் பார்த்து நான் உறுதியா சொல்ல மாட்டேன்மா."

மறுநாள் என் மேலதிகாரி சலித்துக்கொண்டார். "ஏதாவது ஒரு பேரை எழுதுங்கம்மா. சந்தேகம்னு எழுதினா மேல இருந்து திரும்பி வந்துரும்."

"தெரிஞ்ச வரைக்கும்தான் சார் எழுத முடியும்" என்றேன். டிஸ்ஜங்டிவஸ் ஆக இருக்கலாம், கலப்பும் ஆகலாம் என்றே எழுதினேன். அதன் கீழே, இது காற்றைக் குடித்தும் உயிர் வாழும். பவுடர் கலந்தால் கட்லாக் கெண்டைகள் முதலில் சாகும், இது தப்பினாலும் தப்பும். வலையைக் கிழிக்கும், கரையைக் குடையும், பெருகினால் நம் மீன்களுக்கு இரை மிஞ்சாது. அதனால் தண்ணீர் வற்றும்போது கையால்தான் எடுக்க வேண்டும் என்றும் எழுதினேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சனிக்கிழமை நானே போய் ஊரில் பேசினேன். பவுடர் மூட்டையை யாரும் பிரிக்கவில்லை.

4. வளை

கோடையில் கண்மாய் வற்றியதும் கரை ஓரமெல்லாம் துளைகள் தெரிந்தன. எல்லாம் அந்த மீன் தோண்டிய வளைகள். ஊரே இறங்கி மண்வெட்டியால் வெட்டியது. ஒரு வளையில் ஈர மண்ணுக்கு நடுவே மஞ்சள் மணிகளாக முட்டைக் குவியல். அதன்மேல் ஒரு மீன் படுத்திருந்தது. வெளிச்சம் பட்டும் ஓடவில்லை, துடுப்பை விரித்து வாசலை அடைத்துக்கொண்டது.

"ஆண் மீன். முட்டைக்குக் காவல் இருக்கு" என்றேன். வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுச் சுற்றி வந்து நின்றார்கள்.

"எந்த நாட்டு மீனோ" என்றார் கருப்பையா மெதுவாக. "இதையும் எடுக்கத்தானே வேணும் மேடம்?"

"எடுக்கணும்."

அவர் துண்டைக் கையில் சுற்றி, முள் மடங்கும் பக்கமாகத் தடவி, அலுங்காமல் வெளியே எடுத்தார்.

அந்த மீனிடம் நான் கற்றது இவ்வளவுதான். ஓர் உயிரை நீக்கியே ஆக வேண்டும் என்றாலும் முதலில் அதை முழுதாகப் பாருங்கள். துடுப்பை எண்ணுங்கள், வயிற்றைத் திருப்புங்கள். தெரியாத இடம் வந்தால் தெரியவில்லை என்றே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.