ஜாஸ்தி

என் வீட்டுக்காரர் ரிஸ்வானை மச்சான் என்று கூப்பிட இரண்டு பேர் இருந்தோம். ஒன்று, சின்ன வயசிலிருந்தே முறைப்பெண்ணான நான், இன்னொன்று எழிலன். அவன் வாயில் அந்த வார்த்தை வரும்போதெல்லாம் எனக்குக் கடுப்பாக இருக்கும், இதில் மறைக்க ஒன்றுமில்லை.

இப்போது இவரைப் பார்த்தால் பாட்டுக்காரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். திருப்பாதிரிப்புலியூரில் மார்க்கெட் போகிற வழியில் ஒரு மொபைல் கடை வைத்திருக்கிறார். டெம்பர் கிளாஸ் ஒட்டுவார், கவர் விற்பார், சார்ஜ் ஏறவில்லை என்று வருகிறவர்களிடம் பொறுமையாகப் பேசுவார். தொப்பை விழுந்துவிட்டது, சுகரும் வந்தாச்சு. ஆனால் எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் கடலூர் ஓல்டு டவுனில் இவரும் எழிலனும் ஜோடி போட்டு ராப் பாடினார்கள். 'ஓ.டி. பசங்க' என்று பேர் வேறு. ஊரே கரண்ட் இல்லாமல் வெந்துகொண்டிருந்த வருஷத்தில் 'கரண்ட் வந்துடுச்சா' என்று ஒரு பாட்டு போட்டார்கள்.

அதில் எழிலன் மூச்சு விடாமல் பாடிக்கொண்டே போவான். நடுவில் வேறொரு குரல் "ஜாஸ்தீ!" என்று கத்தும். அது இவர் குரல். சிதம்பரத்தில் ஒரு ஸ்டுடியோவில் ரெக்கார்டிங். ஹெட்போனில் சத்தம் காதைப் பிய்த்திருக்கிறது, குறைக்கச் சொல்லிக் கத்தியிருக்கிறார், மைக் ஆனில் இருந்திருக்கிறது. நன்றாக இருக்கிறதே என்று எழிலன் அதை அப்படியே விட்டுவிட்டான். கடைசியில் பாட்டைவிட அந்தக் கத்தல்தான் ஹிட். வெயில் ஜாஸ்தி, விலைவாசி ஜாஸ்தி, அநியாயம் ஜாஸ்தி என்று ஆளாளுக்கு அர்த்தம் எழுதினார்கள். வால்யூமைக் குறைக்கச் சொன்னதுக்கு இத்தனை விளக்கம்!

பாட்டு பரவுவதற்குள் இவருக்கு குவைத் விசா வந்துவிட்டது. போய்விட்டார். எழிலன் ஒருத்தனே மேடை ஏறினான், பேட்டி கொடுத்தான், சென்னைக்குக் குடிபோனான். ஒரு பேட்டியிலாவது இவர் பேரைச் சொன்னானா என்றால் இல்லை. கொஞ்ச வருஷத்தில் அவனும் ஆள் அட்ரஸ் இல்லாமல் போனான். அவன் காணாமல் போன காலத்தில்தான் என் மச்சான் நிம்மதியாகத் தூங்கினார்.

போன வருஷம் திடீரென்று எழிலன் புது ஆல்பம் வருகிறது என்று அறிவித்தான். பேர் 'மறுபடி கரண்ட்'. ரசிகர்கள் கமெண்டில் குதித்தார்கள். "ஜாஸ்தி இல்லாட்டி ஆல்பமே வேணாம் தலைவா!" அதற்கு அவன், "ஜாஸ்தி இல்லாமலா?" என்று பதில் போட்டான்.

அன்றிலிருந்து இவர் போனைக் கீழே வைக்கவில்லை.

"அவன் கூப்புடுவான் பாரு புள்ள. நான் இல்லாம ஜாஸ்தி எப்புடி வரும்?"

காலையில் எழுந்ததும் உப்புத்தண்ணீர் கொப்பளிப்பார். ஐஸ் மோர் கிடையாது. என் தங்கச்சி சாய்ராவுக்கு நிச்சயம் பேசப் போகக் கூப்பிட்டால், "அந்த நேரம் பாத்து அவன் கூப்ட்டுட்டான்னா?" என்கிறார். குவைத்தில் இருந்தபோது என் போனுக்காவது இப்படிக் காத்திருந்தாரா?

எழிலன் கூப்பிடவே இல்லை. ஊருக்கே போன வாட்ஸ்அப் போஸ்டர்தான் எங்களுக்கும் வந்தது. சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆல்பம் வெளியீடு.

"போவ வேணாம் மச்சான். கூப்புடாத எடத்துக்கு நாம எதுக்கு?"

"என்னா கிழிச்சிருக்கான்னு பாத்துட்டு வந்துடுறேன்."

தனியாக விட மனசு வரவில்லை. நானும் புர்காவை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மண்டபம் முழுக்கக் கறுப்பு டீ-ஷர்ட். நெஞ்சில் பெரிதாக 'ஜாஸ்தி'. இவர் ஒவ்வொரு நெஞ்சாகப் படித்துக்கொண்டு வந்தார், முகம் சுண்டிக்கொண்டே போனது. எழிலன் நரைத்த தாடியோடு மேடைக்கு வந்தான். புதுப் பாட்டு ஆரம்பித்தது. நடுவில் நிறுத்தி அவனே, "ஜாஸ்தீ!" என்றான். கூரை பறந்தது.

"அது இல்ல," என்றார் என் காதில். "தொண்டையில கத்துறான். காது வலிச்சாத்தான் அது வரும்."

அடுத்த தடவை கூட்டம் கத்தியபோது பொறுக்க முடியாமல் இவரும் கத்தினார். ஆத்திரத்தில் குரல் உடைந்து எதுவோ மாதிரி வந்தது. பக்கத்தில் ஒரு காலேஜ் பெண். வரிசையில் நிற்கும்போதே வெண்மதி என்று பேர் சொல்லி என்னோடு சிநேகமானவள். அவள் பாவம் நல்ல மனசோடு திரும்பினாள்.

"அண்ணே, அப்புடி இல்ல. 'ஜா'வ இழுக்கக் கூடாது, 'தீ'லதான் தூக்கணும். பழைய பாட்டு கேட்டதில்லையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் என் கையை இறுக்கிப் பிடித்து வெளியே கூட்டிவந்துவிட்டார்.

கீழ வீதியில் டீக்கடை. சீனி கம்மியாகப் போடச் சொல்ல மறந்துவிட்டேன். இவர் ஒரு வாய் உறிஞ்சினார். "ஜாஸ்தீ!"

டீ மாஸ்டரிடம் சொன்னதுதான். ஆனால் அதே குரல். இடைவேளைக்கு மண்டபத்திலிருந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்த கறுப்புச் சட்டைகள் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பின. வெண்மதி கிளாஸோடு ஓடிவந்தாள். இவர் நிமிர்ந்து நின்றார். இத்தனை வருஷம் காத்திருந்த முகம் அது, எனக்குத் தெரியும்.

"அண்ணே! அச்சு அசல் எழிலன் அண்ணன் வாய்ஸ்! மிமிக்ரி பண்ணுவீங்களா?"

"ஏம்மா, அது இவரு..." என்று ஆரம்பித்தேன். இவர் என் காலை மிதித்தார்.

"கொஞ்சம் வரும்மா," என்றார்.

திரும்பத் திரும்பக் கத்தச் சொல்லி வீடியோ எடுத்தார்கள். இவரும் சிரித்துக்கொண்டே கத்தினார். யாருக்கோ நடப்பது போல நான் ஓரமாக நின்றேன்.

பஸ் பரங்கிப்பேட்டை முக்கு ரோட்டைத் தாண்டும்போது போனை என் பக்கம் நீட்டினார். வெண்மதி அந்த வீடியோவை ஏற்றிவிட்டிருந்தாள். கீழே எழிலனே கமெண்ட் போட்டிருந்தான். இவர் தொப்பையில் அடையாளம் தெரியாமல் போட்டானோ, தெரிந்தே போட்டானோ, எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

'செம மிமிக்ரி ப்ரோ.'

"ப்ரோவாம்," என்றார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

இனி மச்சான் என்று கூப்பிட நான் ஒருத்திதான். நான் கேட்டதும் அதுதானே? இறங்குகிற இடம் வந்தும் தூங்குவது போலவே உட்கார்ந்திருந்தார். எழுப்ப வேண்டும், அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை. தோளைத் தொட்டுத்தான் எழுப்பினேன்.