என் கன்னமும் ஊதா

என் மாமியாருக்கு என்னைப் பற்றி ஒரே ஒரு கருத்துதான். "அவளுக்கு ஒண்ணும் புரியாதும்மே." கல்யாணமாகி வந்த புதிதில் கேப்பைக் களியைக் கட்டி தட்ட விட்டபோது சொன்னார். அதற்குப் பிறகு வாகாக வாயில் உட்கார்ந்துகொண்டது. நான் திண்டிவனத்தில் ஒரு நர்சிங் ஹோமின் லேபில் டெக்னீஷியன், நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பிழைக்கிறவள் என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. "கண்ண இடுக்கிக்கினு எதையோ பாக்கறா, அதுக்குப் போயி சம்பளம் குடுக்கறாங்க" என்று தன் ஊர் மண்டகப்பட்டு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானும் வாயுள்ளவள்தான், திருப்பிக் கொடுப்பேன். நானும் கணவரும் விழுப்புரத்தில், மாமியார் நிலத்தோடு மண்டகப்பட்டில் என்று இருந்ததால் குடும்பம் ஓடியது.

அந்த வருஷம் நிலக்கடலை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, பிடுங்கும் நேரத்தில் களைக்கொத்து அவர் காலில் பட்டுவிட்டது. சர்க்கரை உள்ள உடம்பு. யாரிடமும் சொல்லாமல் துணியைச் சுற்றிக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார். என் கணவர் எதேச்சையாகப் போய்ப் பார்த்தபோது கணுக்கால் வரை வீங்கிக் கறுத்திருந்தது. "உனக்குத் தெரிஞ்ச எடம்" என்று அவரை அள்ளிப் போட்டுக்கொண்டு திண்டிவனத்துக்கே வந்துவிட்டார். அன்று பார்த்து ஆயுத பூஜை.

விழுப்புரத்திலிருந்து சர்ஜன் வந்தார். வீக்கத்தை விரலால் அழுத்தினார். தோலுக்கு அடியில் லேசாக நொறுநொறுவென்றது. உள்ளே காற்று சேர்ந்திருக்கிறது என்றார். வெளியே வந்து என்னிடம் நேராகவே சொன்னார்.

"சீழ் எடுத்துத் தர்றேன், உடனே ஸ்டெயின் பண்ணிப் பாருங்க. தடிதடியா ஊதாக் குச்சி, கிராம் பாசிட்டிவ் ராட்ஸ் இருந்துச்சுன்னா அது ஏறிக்கினே போகும், காத்துக்கினு இருக்க முடியாது. முட்டிக்கு மேல எடுத்துடணும். அது இல்லைன்னா கிழிச்சு வடிய விட்டுப் பாக்கலாம். ஜல்தியா சொல்லுங்கம்மா."

கால் இருப்பதா போவதா என்பது என் கண்ணுக்கு வந்து சேர்ந்துவிட்டது. என் தலையெழுத்தைப் பாருங்கள்.

சீழோடு லேபுக்கு ஓடினால் அங்கே மைக்ராஸ்கோப் சாமியாகி உட்கார்ந்திருக்கிறது. எங்கள் ரிசப்ஷன் அக்கா மேல்மலையனூர்க்காரர். அம்மன் பேரைச் சொல்லாமல் கம்ப்யூட்டரைக்கூடப் போட மாட்டார். முதல் நாளே லேபைக் கழுவி, ஒவ்வொரு பாட்டிலையும் விளக்கி, காலையில் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மைக்ராஸ்கோப்புக்குக் கதம்பம் சுற்றி, முன்னால் பொரிகடலை பரப்பி, சாம்பிராணியும் போட்டு முடித்திருந்தார். அறை முழுக்கப் புகை. எனக்குக் கண்ணும் எரிந்தது, மூக்கும் அடைத்தது.

"பூஜையில வச்சத இன்னிக்கு எடுக்கக் கூடாதும்மா. நாளைக்கு வெளக்கேத்திட்டுத்தான்" என்றார் அக்கா.

"எங்க அத்தை காலுங்கக்கா" என்றேன்.

அக்கா ஒரு நொடி விழித்தார். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தாயே, தப்பா எடுத்துக்காத" என்று அவரே கதம்பத்தைக் கழற்றிவிட்டார்.

கிராம் ஸ்டெயின் எங்கள் வேலையில் பாலபாடம். ஸ்லைடில் சீழைத் தடவி லேசாகத் தீயில் காட்ட வேண்டும். முதலில் ஊதாச் சாயம், அதன் மேல் அயோடின், பிறகு ஸ்பிரிட், கடைசியில் சிவப்புச் சாயம். ஸ்பிரிட்டில்தான் சங்கதியே இருக்கிறது. சில கிருமிகளுக்குச் சுவர் தடிப்பு. ஸ்பிரிட் ஊற்றிக் கழுவினாலும் ஊதாவை விடாது. அவைதான் கிராம் பாசிட்டிவ். கத்தரிப்பூ நிறத்தில், சில திராட்சைக் கொத்தாகவும் சில மணி கோத்ததுபோலவும் சில குச்சியாகவும் இருக்கும். பார்க்கவே அழகு. மற்றவை ஸ்பிரிட் பட்டதும் ஊதாவை உதறிவிட்டுச் சிவப்பை வாங்கிக்கொள்ளும். பாட்டில்கள் எங்கள் ஸ்டாண்டில் வரிசையாக நிற்கும். கை தானாகப் போகும், தானாக எடுக்கும். அன்றும் போனது, எடுத்தது. ஸ்பிரிட் ஊற்றும்போது ஊதா வழிந்து ஓட வேண்டும். அன்று கொஞ்சமாகத்தான் ஓடியது. சீழைக் கனமாகத் தடவிவிட்டேனோ என்று நினைத்துக்கொண்டேன். 

எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, லென்ஸை இறக்கி, கண்ணை வைத்தேன். ஊதா. எங்கு பார்த்தாலும் ஊதா. ஊதாக் குச்சிகள்.

 ஸ்லைடை நகர்த்தி வேறு இடம் பார்த்தேன். அங்கேயும் அதே குச்சிகள். சர்ஜன் சொன்ன கிருமி கூட்ஸ் பெட்டி மாதிரி கட்டையாக, முனை சதுரமாக இருக்கும் என்றுதான் படித்திருக்கிறேன். இவை அப்படி இருந்தனவா? ஒரு குச்சி அப்படித்தான் தெரிந்தது. பக்கத்துக் குச்சி ஒல்லியாக, முனை உருண்டு தெரிந்தது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. இன்னொன்றும் இடித்தது. அந்தக் கிருமி இருக்கும் இடத்தில் சீழ் செல்கள் அவ்வளவாக இருக்காது, அது அவற்றையே அழித்துவிடும். இங்கேயோ சந்தைக் கூட்டம் மாதிரி சீழ் செல்கள். அப்படியானால் இது அது இல்லையா? அது இல்லையென்றால் ஏன் ஊதா? இத்தனை வருஷம் பார்த்த வேலையில் எனக்கு எதுவுமே தெரியாது என்பதுபோல் இருந்தது.

சர்ஜன் போன் செய்தார். "என்னம்மா?"

"குச்சியெல்லாம் ஊதாவா இருக்குங்க சார். ஆனா..."

"ஆனா?"

"ஆனா என்னான்னு எனக்கே தெரியல சார்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "உங்க மாமியாராமே. சிஸ்டர் சொன்னாங்க. மனசு வேணாம்னு சொல்லும், கண்ணு என்ன சொல்லுதோ அதச் சொல்லுங்க. நான் தியேட்டர ரெடி பண்ணச் சொல்றேன்."

அது சுருக்கென்று தைத்தது. அவர் சொன்னது சரியாகக்கூட இருக்கலாமே. கால் போக வேண்டாம் என்று நான் நினைப்பதால்தான் முனை உருண்டு தெரிகிறதோ? மாடியிலிருந்து அத்தையின் குரல் லேப் வரை கேட்டது. "கால எடுத்துட்டா கழனிக்கு யார்றா போறது? உங்கப்பனா எழுந்து வருவான்?" என் கணவர் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குரல் உடைந்திருந்தது. கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டார்கள் என்று புரிந்தது. எனக்கு அழுகை வந்தது, அழுகையைவிட ஆத்திரம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மறுபடி கண்ணை வைத்தேன். குச்சிகளை விட்டுவிட்டுச் சும்மா சீழ் செல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவையும் ஊதா. அப்போதுதான் உறைத்தது. நம் உடம்பின் செல் ஊதாவைப் பிடித்து வைத்துக்கொள்ளாதே. ஸ்பிரிட் பட்டால் விட்டுவிட்டுச் சிவப்பாகத்தானே நிற்க வேண்டும்? இல்லை, தடவல் கனமாக இருந்தால் இப்படியும் தெரியுமோ? குழப்பத்துக்கு மேல் குழப்பம். சரி, சந்தேகமே இல்லாத ஒன்றை வைத்துப் பார்த்துவிடலாம் என்று ஐஸ் குச்சி ஒன்றை எடுத்து என் கன்னத்தின் உள்பக்கம் சுரண்டினேன். மெல்லிசாகத் தடவி, அதே பாட்டில்கள், அதே வரிசை. கன்னத்து செல் சிவப்பாக வந்தே தீர வேண்டும். யார் கன்னமானாலும் சரி.

பார்த்தேன். என் கன்னமும் ஊதா.

"அக்கா!" என்று நான் போட்ட சத்தத்தில் ரிசப்ஷனில் காத்திருந்தவர்கள்கூட எழுந்து வந்துவிட்டார்கள். "பாட்டில்லாம் யாரு மாத்தி வச்சது?"

"யாரும் மாத்தலியேம்மா. வெளக்கிட்டுத்தான வச்சேன்."

"எப்படி வச்சீங்க?"

"கலரு பாட்டில் நடுவுல ஒண்ணா, வெள்ள பாட்டில் ரெண்டும் ரெண்டு ஓரமா. சாமி முன்னாடி பாக்க லட்சணமா இருக்கட்டும்னு. அப்புறம் கலரு பாட்டில மட்டும் உன் வரிசையில திருப்பி வச்சேன். வெள்ளையில கைக்குக் கெடச்சத ஊடால வச்சிட்டேன், அதுல என்ன இருக்குது, ரெண்டும் தண்ணிதான?"

ரெண்டும் தண்ணி! எங்களிடம் நிறமில்லாத பாட்டில் இரண்டு உண்டு. ஒன்று ஸ்பிரிட், இன்னொன்று சீழைக் கரைக்க வைத்திருக்கும் டிஸ்டில்டு வாட்டர். பேப்பர் ஒட்டி எழுதியிருந்த பெயர் தேய்த்த தேய்ப்பில் போய், அந்த இடத்தில் சந்தனமும் குங்குமமும் ஜோராக உட்கார்ந்திருந்தன. நான் ஸ்பிரிட் என்று ஊற்றியதை எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். வாசனையே இல்லை. ஓரத்தில் இருந்ததைத் திறந்தேன். மூக்கடைப்பையும் தாண்டிக் குப்பென்று ஏறியது. அதுவரை சாம்பிராணி எல்லாவற்றையும் மூடி வைத்திருந்தது. வாயில் வந்ததையெல்லாம் அக்காவைத் திட்டினேன். எழுத முடியாது. அக்காவோ நான் கேட்பதற்கு முன்பே புது ஸ்லைடைத் துடைத்து என் கையில் கொடுத்தார்.

மிச்சமிருந்த சீழை மெல்லிசாகத் தடவினேன். இந்த முறை ஸ்பிரிட் பட்டதும் ஊதா வழிந்து ஓடியது. லென்ஸில் பார்த்தால் சீழ் செல்கள் சிவப்பு. குச்சிகளும் ஒல்லியாய், முனை உருண்டு, சிவப்பு. நடுநடுவே மட்டும் கொத்துக் கொத்தாக ஊதா உருண்டைகள். அவை புண்ணில் வழக்கமாக வருகிறவை. கட்டைக் குச்சி ஒன்றுகூட இல்லை. சந்தோஷப்படக்கூடப் பயமாக இருந்தது. நான் பார்க்க ஆசைப்பட்டதையே இப்போது பார்க்கிறேனே.

மாடிக்கு ஓடினேன். சர்ஜன் கை கழுவப் போய்க்கொண்டிருந்தார்.

"சார், சிவப்புங்க சார்."

"இப்பதானே ஊதான்னீங்க?"

நடந்ததை மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கினார். "சரி, மொதல்ல தண்ணி ஊத்துனீங்க. இப்ப பதட்டத்துல ஸ்பிரிட்ட அதிகமா ஊத்திட்டீங்கன்னா? ஊதாவா நிக்க வேண்டியதும் சிவப்பாயிடும்ல? ரெண்டுல எத நம்பறது நான்?"

நியாயமான கேள்வி. கோபமும் வந்தது. படியிலேயே நின்றேன். ஊதாவாகவே நின்றாக வேண்டிய ஒன்று எனக்கு உடனே வேண்டும். லேபில் எதைத் தேடுவது? அப்போது என் டிபன் பாக்ஸ் ஞாபகம் வந்தது. மோர் சாதம். தயிரைத் தோய்க்கும் கிருமி அசல் கிராம் பாசிட்டிவ், அது ஊதாவை விடவே விடாது.

"கீழ வாங்க சார், அஞ்சே நிமிஷம்" என்று அவர் பதிலுக்குக் காத்திராமல் இறங்கிவிட்டேன்.

ஒரே ஸ்லைடில் ஒரு ஓரம் என் கன்னம், மறு ஓரம் மோர், நடுவில் சீழ். மூன்றுக்கும் ஒரே ஊற்றாக ஊற்றினேன். சர்ஜன் குனிந்து கண்ணை வைத்தார். நான் ஸ்லைடை நகர்த்தினேன். கன்னம் சிவப்பு. மோரில் நீளநீளமாக ஊதாக் குச்சிகள், பக்கத்தில் மணி கோத்ததுபோல் ஊதாச் சரங்கள். பிறகு சீழ். அங்கே அவர் வெகுநேரம் நின்றார். அக்கா பின்னால் கைகூப்பிக்கொண்டு நின்றார். நான் என் புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டிருந்தேன்.

அவர் நிமிர்ந்தபோது இரண்டு புருவத்துக்கும் நடுவே சந்தனம் ஒட்டியிருந்தது. கண் வைக்கும் ஐபீசுக்கும் அக்கா பொட்டு வைத்திருந்தார். யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை.

"கிழிச்சு வடிய விடலாம். நாளைக்குக் காலையில வரைக்கும் பாப்போம்" என்றார். "உறுதி சொல்ல மாட்டேன்மா. ஏறுச்சுன்னா எடுத்துடுவேன்."

ஏறவில்லை. சர்ஜன் காலில் பேனாவால் போட்டிருந்த கோட்டுக்குக் கீழேயே மறுநாள் நின்றது வீக்கம். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிசல்ட்டிலும் அந்தக் கிருமி இல்லை. கடைசி இரண்டு விரல்கள் போயின, கால் இருந்தது. எனக்குத்தான் தெளிய வெகுநாள் ஆனது. பாட்டில் மாறியதற்கு அக்காவைத் திட்டியது சரிதான். ஆனால் "எனக்கே தெரியல" என்று நான் சொன்னேனே, அதை அன்று சொல்லாமல் ஒரு நல்ல டெக்னீஷியன் மாதிரி "ஊதா சார்" என்று பளிச்சென்று சொல்லி நிறுத்தியிருந்தால்? வாய் வரை வந்தது அதுதான். நினைத்தால் இப்போதும் சோறு இறங்காது.

அத்தையை மண்டகப்பட்டுக்குக் கூட்டிப்போன அன்று ஊரே பார்க்க வந்தது. கட்டுப் போட்ட காலை முன்னால் நீட்டி, மல்லாட்டையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டே அவர் கதை சொல்லிக்கொண்டிருந்தார். நான் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தேன்.

"டாக்டருக்கு எல்லாம் புரிஞ்சிடுச்சு, கத்தியத் தீட்டிக்கினு நின்னாரு. எம்மவனுக்கும் புரிஞ்சிடுச்சு, கையெழுத்துப் போட்டுட்டான்" என்றார். "எம்மருமவ ஒருத்திக்குத்தான் ஒண்ணும் புரியல."

யாரோ சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை.

"அவளுக்குப் புரிஞ்சிருந்தா எங்காலு போயிருக்கும்மே."

டீ பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருந்தது. நான் அணைக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.