எலுமிச்சம்பழம் நசுங்காத காரும் நான் சொன்ன பொய்யும்

இன்னைக்குப் பழைய கார் க்ரூப்ல ஒருத்தர் கேட்டிருந்தாரு: "கியர் பாக்ஸைப் பிரிச்சு மாட்டினேன், வண்டி பின்னாடியே போகுது. ஏன்?"

பதில் எனக்குத் தெரியும். எப்படித் தெரியும்னு சொல்லத்தான் கூசுது.

அப்போ நான் சைகோன்ல மெக்கானிக். (சண்டைக் காலம்தான். ஆனா ரிப்பேருக்கு வண்டி வராத நாளே கிடையாது!)

கராஜ் முதலாளி எங்க காரைக்கால்காரர். கூட வேலை பார்த்தவர் பா அண்ணன், வியட்நாம்காரர், மூணு பிள்ளைக்காரர். அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது; என்கிட்ட வியட்நாமிய மொழியிலதான் பேசுவாரு.

ஒரு செட்டியாரோட பழைய பிரெஞ்சு கார் வந்துச்சு. கியர் பாக்ஸ் மொத்தத்தையும் பிரிச்சேன். உள்ள க்ரௌன் வீல்னு பெரிய பல்சக்கரம் ஒண்ணு இருக்கும். அதைப் பக்கம் மாத்தி மாட்டினா முன்னாடி போற மூணு கியரும் பின்னாடி போகும்.

நான் மாட்டும்போதே பா அண்ணன் தோளைத் தட்டி, "இந்தப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம்"னாரு.

"எனக்குத் தெரியும், போங்க"ன்னேன். (என்ன திமிரு பாருங்க.)

ஓட்டிப் பார்த்திருந்தா அங்கேயே தெரிஞ்சிருக்கும். செட்டியார் விடல. "பூஜை போடாம வண்டி ஓடக் கூடாதுப்பா"ன்னுட்டாரு. கராஜ்லேர்ந்து த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயில் வரைக்கும் கையால தள்ளிக்கிட்டே போனோம்.

சூடம் காட்டியாச்சு. டயருக்கு முன்னாடி எலுமிச்சம்பழம் வச்சாச்சு. செட்டியார் ஃபர்ஸ்ட் கியர் போட்டாரு.

வண்டி சர்ருனு பின்னாடி போய்ப் பூக்காரம்மா பெஞ்சை உடைச்சிருச்சு. எலுமிச்சம்பழம் வச்ச இடத்துலயே இருக்கு.

நல்லவேளை, யாருக்கும் அடிபடல.

முதலாளி எங்க ரெண்டு பேரையும் நிக்க வச்சுத் தமிழ்ல கேட்டாரு: "க்ரௌன் வீலை மாட்டினது யாருடா?"

"பா அண்ணன்தான் முதலாளி. நான் வேணாம்னு சொல்லியும் கேக்கல."

பக்கத்துலயே நின்னாரு மனுஷன். நான் பேசப் பேச என்னைப் பார்த்துத் தலையாட்டிக்கிட்டே இருந்தாரு.

முதலாளி அவர் பக்கம் திரும்பி வியட்நாமிய மொழியில, "நாளையிலேர்ந்து வராதே"ன்னாரு.

பா அண்ணன் சாமானை எடுத்துப் பையில போட்டாரு. நேரா என்கிட்ட வந்து ரெண்டு கையாலயும் என் கையைப் பிடிச்சு, "காம் ஒன்"னாரு. நன்றின்னு அர்த்தம்.

"எனக்காக எவ்வளவோ பேசிப் பார்த்தே. அவர் கேக்கலன்னா நீ என்ன பண்ணுவே?"

கூனிக் குறுகிப் போனேன்.

அவர் வீடு எனக்குத் தெரியும். பென்-தான் மார்க்கெட்டைத் தாண்டி, நடந்தா பத்து நிமிஷம்.

அதுக்கப்புறம் சைகோன்ல ஆறு வருஷம் இருந்தேன். ஒரு நாள் கூடப் போகல.