கொய்யா மரத்துக்கு அடித்த மருந்து

என் அம்மாவின் ஹிந்தியில் எல்லாமே ஆண்பால்தான். இலை, பஸ், மேல்வீட்டு மாமி, எல்லாம் அவளுக்கு ஆண். அந்த ஹிந்தியை வைத்துக்கொண்டு அவள் ஒரு குத்தகைக்காரனை எதிர்த்து நின்றதை, ஒன்பது வயதில் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

வடக்கே லக்ஷ்மிபாய் நகர் அரசாங்கக் காலனியில் எங்களுக்குக் கீழ்த்தளத்தில் குவார்ட்டர்ஸ். பின்பக்கம் மூன்று கொய்யா மரங்கள் இருந்தன. காய் எலுமிச்சை அளவைத் தாண்டாது, பழுக்குமுன் வெடித்துவிடும். இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும், மற்றதெல்லாம் வெளுத்துக் கிடக்கும். பிள்ளைகள் நாங்கள் அந்த மரங்களை ஸ்டம்பாக வைத்துக் கிரிக்கெட் ஆடினோம். அம்மாவோ பழனிப் பக்கம் கொய்யாத் தோப்பு வைத்திருந்த வீட்டில் பிறந்தவள். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"இந்த மண்ணுல வேருக்கு என்ன போட்டாலும் மரத்துக்குப் போய்ச் சேராது. இலை வழியாத்தான் ஊட்டணும்," என்றாள்.

மழை ஓய்கிற சமயத்தில் ஜிங்க் சல்பேட்டும் போரிக் பவுடரும் வாங்கி வந்தாள். தண்ணீரில் கரைத்து, இலை கருகாதிருக்கச் சுண்ணாம்புத் தெளிவு சேர்த்து, வெயில் ஏறுமுன் இலைகளின் அடிப்பக்கம் நனையும்படி கைப்பம்பால் அடித்தாள். மேல்வீட்டு மாமி பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, குழந்தைகள் விளையாடற இடத்துல விஷத்தை அடிக்கறியே, நன்னாருக்கா?"

"விஷம் இல்லீங்க மாமி. சத்து."

"சத்துன்னா எதுக்கு மூக்கைக் கட்டிண்டு அடிக்கறே?"

"மிளகாய்ப்பொடி இடிக்கறப்பவும் மூக்கைக் கட்டிக்கறோமே. அதைச் சாப்பிடாமலா இருக்கோம்?"

மறுநாள், மூக்கைக் கட்டிய அம்மாவின் படம் காலனி வாட்ஸ்அப் குழுவில் வந்தது. பார்க்கில் என்னை 'ஜஹர்வாலி கி பேட்டி', விஷக்காரியின் பெண் என்றார்கள். பந்தை யாரும் என் பக்கம் போடவில்லை. நான் அழுதுகொண்டு வந்தேன். அப்பா, "கவர்மென்ட் குவார்ட்டர்ஸ்ல எதுக்கு வம்பு, விட்டுடேன்," என்றார். அம்மா விடவில்லை. பிஞ்சு பிடித்ததும், எல்லோரும் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து மறுபடி அடித்தாள். இந்தத் தடவை எல்லா வீட்டுக்கதவையும் தானே தட்டிச் சொல்லிவிட்டு அடித்தாள்.

டிசம்பரில் பழம் என் இரண்டு கைக்கும் அடங்கவில்லை. வெடிப்பு இல்லை, தோல் பளபளவென்று மஞ்சள் கட்டியிருந்தது. காலனிப் பழமரங்களைக் குத்தகை எடுத்திருந்தவன், எங்கள் வீட்டுப் பின்பக்கத்தை அதுவரை எட்டிப் பார்த்ததே இல்லை. அந்த வருஷம் மூன்று கூடைகளும் இரண்டு ஆட்களுமாக வந்து நின்றான்.

"சர்க்காரி பேட் ஹை, மேடம்," என்றான், இது அரசாங்க மரம் என்று.

"பேட் சர்க்கார் கா. மெஹனத் மேரா," என்றாள் அம்மா. மரம் சர்க்காருடையது, உழைப்பு என்னுடையது என்று, அந்த உழைப்பையும் ஆண்பாலாக்கி. மரத்தடியை விட்டு நகரவில்லை.

கூடியிருந்த பிள்ளைகளில் ஒருவன் "ஜஹர்" என்று கத்தினான். மரத்தில் கை வைத்த ஆள் கையை எடுத்துவிட்டான். குத்தகைக்காரன் அம்மாவைப் பார்த்து, விஷமா என்று கேட்டான்.

பால்கனியிலிருந்து மாமி தமிழில் அவசரமாகச் சொன்னார்: "ஆமான்னு சொல்லிடும்மா. போயிடுவான்."

நான் அம்மாவின் சால்வையைப் பிடித்து இழுத்தேன். ஆமாம் என்றால் மரம் முழுக்க எங்களுக்கு.

"நஹீ," என்றாள் அம்மா.

கைக்கெட்டிய பழத்தைப் பறித்துக் கழுவி அங்கேயே கடித்தாள். இன்னொன்றைக் குத்தகைக்காரன் கையில் வைத்தாள். பிறகு பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். முதலில் யாரும் வரவில்லை. நான் ஒன்றை வாங்கித் தின்றேன். கத்திய பையன் வந்தான். பிறகு எல்லோரும் வந்தார்கள். கடைசிப் பிள்ளைக்குக் கிடைக்கும்வரை அவள் வழிவிடவில்லை. குத்தகைக்காரனும் தன் பழத்தைத் தின்றுகொண்டே காத்து நின்றான். அப்புறம் மூன்று மரங்களையும் மொட்டையாக்கிக் கூடைகளை நிரப்பிக்கொண்டு போனான்.

அன்று முழுக்க நான் அம்மாவோடு பேசவில்லை. 'ஆமாம்' என்று ஒரே ஒரு சொல். அதைச் சொல்லியிருந்தால் போதும். அத்தனை பழத்தையும் பறிகொடுத்தவள், ஜெயித்தவளைப் போல எதற்காக அவ்வளவு நிமிர்ந்து வீட்டுக்குள் போனாள் என்று அப்போது எனக்கு விளங்கவேயில்லை.